வடக்கே தலை வைக்காத தொட்டில்

போன வாரம் அதியமான்கோட்டையிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். குழந்தையின் தலையில் ஒரு துணித் தொப்பி. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி, "உங்க பையனுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம், சொன்னாங்க" என்றாள். பின்னந்தலை ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மத்தியானம் வந்தவள் பொழுது சாயும்போதுதான் எழுந்து போனாள்.

எங்கள் வீட்டுக்காரர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே ஒவ்வொருத்தருக்கும் இப்படித் தொண்டைத் தண்ணி வத்தப் பேசுவியா? எழுதி வெச்சிரு புள்ள" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். டாக்டர்கள் சொன்னதை எனக்குப் புரிந்தபடிதான் சொல்ல முடியும்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பாப்பாரப்பட்டியில் எங்களுக்குப் புளி வியாபாரம். எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிற ஒற்றை அறை. குறுக்கே ஆள் படுத்தால் நடக்க வழி இருக்காது. கிழக்கே வாசல். வெளிச்சமும் காற்றும் ஆளும் பேரும் எல்லாம் அந்த வழியாகத்தான். மேற்குச் சுவரில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் புளிக்களம்.

என் மகன் மாது பிறந்து கொஞ்ச நாளிலேயே எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. எங்கள் பக்கத்தில் அது விருந்தாளி மாதிரி வருஷா வருஷம் வரும். ஆனால் அந்த வருஷம் கொய்னா மருந்து கிடைக்கவில்லை. எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்றார்கள். எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் வாசலோரம் பாய் விரித்துப் படுத்தே கிடந்தேன். காய்ச்சல் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று, என் அப்பா கொடுத்தனுப்பிய மரத்தொட்டிலில் அவனை மேற்குச் சுவரோரமாக, தெற்கே தலை வைத்துப் போட்டிருந்தார்கள். பால் குடிக்கிற நேரம் மட்டும் என்னிடம் வருவான்.

அழுது ஊரைக் கூட்டுகிற குழந்தை இல்லை அவன். தொட்டிலில் மல்லாந்தபடி, முகத்தை வாசல் பக்கம் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு கிடப்பான். எனக்கு நடுக்கம் வந்து பல் கிட்டும்போதுகூட அந்த இரண்டு கண்கள் என்மேல் இருக்கும். பார்க்க வந்தவர்களெல்லாம், "தாய் மொகத்த விட்டு கண்ணெடுக்கறானா பாரு" என்று மெச்சுவார்கள். அந்த மெச்சலில்தான் நான் பாதி தேறினேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

தலையில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா முனியம்மா. எங்களோடுதான் இருக்கிறார். கால் நீட்டி உட்கார்ந்து காலின்மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுவது அவர் வேலை. ஒரு நாள் தண்ணீரை ஊற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ஏம்மே, இங்க வா. கையத் தலைக்கு அடியில குடுத்தா ஒரு பக்கம் உருண்டையா இருக்குது. இந்தப் பக்கம் பலகை மாதிரி இருக்குதே" என்றார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். வலது பின்னந்தலை தட்டையாக இருந்தது. தேய்ந்து தேய்ந்து அந்த இடத்தில் முடியே இல்லை. மேலிருந்து பார்த்தால் வலது காது இடது காதைவிட முன்னால் நகர்ந்திருந்தது. நெற்றியும் அந்தப் பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தது. இத்தனை நாளும் அவன் முகத்தை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். அவன் தலையின் பின்பக்கத்தை எனக்குக் காட்டியதே இல்லை. பெற்றவளுக்கே தெரியாமல் போயிற்று.

அக்கா சும்மா இருக்கிற ஆளில்லை. விளக்கெண்ணெயைச் சூடாக்கி உள்ளங்கையில் தேய்த்துத் தலையைப் பிடித்துப் பிடித்து உருட்டினார். ராகியைக் கொட்டி ஒரு சின்னத் தலையணை தைத்தார். தலை அசையவில்லை, ராகிதான் ஒரு பக்கம் ஒதுங்கியது. பிறகு தர்மபுரியில் ஒரு வயதான டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் விரலால் தலை முழுக்கத் தடவிப் பார்த்தார்.

"குழந்தைக்கு மண்டையோடு ஒரே எலும்பு இல்லீங்க, பல துண்டு. நடுவுல சந்து இருக்கும். மூளை வளர வளர அந்தச் சந்து இடங்குடுக்கும். அபூர்வமா ஒரு சில பேருக்கு அது முன்கூட்டியே ஒட்டிக்கும். இது அதுவா, இல்ல படுத்த வாக்குல அமுங்கினதான்னு கையால பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்ல. சேலம் போய்ப் படம் எடுத்துடுங்க."

"ஒட்டியிருந்தா என்னாங்க பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூளைக்கு இடம் பத்தாது. எலும்பை வெட்டணும்னு சொல்வாங்க. அதை இப்பவே நெனைக்காதீங்கம்மா."

நினைக்காதே என்றால் நினைக்காமல் இருக்க முடியுமா? வீடு வரும்வரை அவன் தலையை என் கை விடவில்லை.

சேலத்துக்கு அப்போது கரிவாயுவில் ஓடுகிற பஸ்தான். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரி போட்டு எரித்து ஓட்டுவார்கள். தொப்பூர் கணவாய் மேட்டைக் கண்டதும் அது முக்கி முனகி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி நடந்தோம். என்னை நடக்கவிட்டதே பாவம் என்பதுபோல் எங்கள் வீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாதுவை வெயில் படாமல் தன் துண்டுக்குள் சுருட்டி, "பஸ்ஸு நம்மள ஏத்திக்கிட்டுப் போகும்னு பார்த்தா, நாம அதக் கூட்டிக்கிட்டுப் போறோம்டா சாமி" என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே ஏறினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடம் சந்தை மாதிரி இருந்தது. மருந்து நெடி. எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர். அவர் தன் கைகளை வேட்டிக்குள் மறைத்து மறைத்து வைத்துக்கொண்டார். புளி பிசைந்து பிசைந்து அவர் விரல்களெல்லாம் கருத்திருக்கும். டாக்டர் அழுக்கு என்று நினைத்துவிடுவாரோ என்று வெட்கம். அந்தக் கைகளை நான் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஊரில் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

படம் எடுக்கிற இடம் இருட்டறை. குளிர்ந்த பலகையில் பிள்ளையைப் படுக்கவைத்து, அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். எக்ஸ்ரே என்றால் உடம்பைத் துளைத்துப் போய் எலும்பை மட்டும் படம் பிடிக்கிற வெளிச்சம். வலிக்காது. அவர்தான் தலையைப் பிடித்துக்கொண்டார். முடிந்தது என்று சொன்ன பிறகும் அவர் மூச்சை அடக்கியபடியே நின்றார். "மூச்சு விடுங்க, உங்களை யாரும் படம் எடுக்கல" என்று அந்த ஆள் சிரித்தார். படம் மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள். சத்திரத்தில் தங்கினோம். அவர் வாங்கிவந்த இட்லியை இரண்டு பேருமே தொடவில்லை.

மறுநாள் பார்த்தது ஒரு டாக்டரம்மா. நடுத்தர வயது, பருமனான உடம்பு, வாய் ஓயாத பேச்சு. படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். என் பிள்ளையின் தலை புகை மாதிரி தெரிந்தது. அதில் மெல்லிய கருப்புக் கோடுகள்.

"இந்தக் கோடு எல்லாம் தெரியுதா? இதுதான் சந்து. எல்லாம் திறந்திருக்கு. உச்சிக்குழியும் நல்லா இருக்கு. மூளைக்கு ஒரு குறையும் இல்ல."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் மேலே பார்த்து, "மாதேஸ்வரா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா என்னைத் தூக்கி உட்காரவைத்து, வீட்டில் எப்படிப் படுக்கவைக்கிறோம், நான் எங்கே படுத்திருந்தேன் என்றெல்லாம் கேட்டார். பிறகு மாதுவின் கழுத்தில் என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். இடது பக்கம் தசை கயிறு மாதிரி விறைத்திருந்தது.

"பிஞ்சு எலும்பு, மெழுகு மாதிரி. உங்க முகத்தையே பார்த்து ஒரே பக்கமாப் படுத்ததுல அந்தப் பக்கம் அமுங்கிடுச்சு. தலை வலது பக்கமே திரும்பியிருந்ததால இடது கழுத்துச் சதை சுருங்கிடுச்சு. இப்ப அவனே நினைச்சாலும் மறுபக்கம் திரும்ப முடியாது. ரெண்டு விஷயம் பண்ணணும். கழுத்தை நான் சொல்ற மாதிரி மெதுவா நீவி மறுபக்கம் திருப்பணும். அப்புறம் தொட்டில்ல தலைமாட்டைக் கால்மாடா மாத்திப் படுக்க வையுங்க. வாசலும் நீங்களும் அவனுக்கு இடது பக்கம் வந்துடுவீங்க. உங்களைப் பார்க்கணும்னா அவன் திரும்பித்தான் ஆகணும்."

என் முகத்தைப் பார்த்துத்தான் என்று அவர் சொன்னது மனசில் தைத்தது. அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, தாங்க முடியாத வேதனையாகவும் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் "சரீங்க" என்றார். அவருடைய "சரீங்க"வில் பல தினுசு உண்டு. இது, செய்யமாட்டேன் ஆனால் பெரியவங்க முன்னால் எப்படிச் சொல்வது என்கிற தினுசு. வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்னாங்க, தொட்டில மாத்திப் போடுவீங்கதானே?"

"மாத்திப் போட்டா தலை எங்க வருது? யோசிச்சியா? வடக்கால வருது."

வடக்கே தலை வைத்து எங்கள் ஊரில் யாரும் படுக்கமாட்டார்கள். விருந்துக்குப் போன வீட்டிலும் முதலில் திசை பார்த்துத்தான் பாய் விரிப்போம். பெரியவர்களே வைக்காதபோது பச்சைப் பிள்ளையை வைப்பதா? முனியம்மா அக்காவிடம் சொன்னபோது தொட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா நூறு சொல்லட்டும். வடக்கால மட்டும் வெக்க வுடமாட்டேன்" என்றார். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

மற்றது எல்லாம் செய்தோம். பால் கொடுத்த பிறகு கழுத்தை நீவித் திருப்பினேன். விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் பாயை மேற்குச் சுவரோரம் மாற்றிக்கொண்டு தொட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டேன். அங்கே ஒரே இருட்டு. அவன் வெளிச்சத்தைப் பார்த்தே கிடந்தான். நான் நீவித் திருப்புகிற கொஞ்ச நேரம் திரும்புவான், விட்டதும் கழுத்து வாசலுக்கே போய்விடும்.

சொன்ன தவணைக்குச் சேலம் போனபோது டாக்டரம்மாவின் முகம் மாறியது. "விறைப்பு குறையவே இல்லையே. இப்படியே போனா சதையை வெட்டித்தான் விடணும்" என்றார். எலும்பை வெட்ட வேண்டாம் என்று நிம்மதியானவள் இப்போது கழுத்தை நினைத்து நடுங்கினேன். கொஞ்ச நாள் வார்டில் இருக்கட்டும், நாங்களே நீவிப் பார்க்கிறோம், அதற்கும் மசியாவிட்டால் கத்திதான் என்று சொல்லி எங்களைச் சேர்த்துக்கொண்டார்.

வார்டில் கட்டில்கள் இரண்டு வரிசை. ஒரு வரிசைக்குத் தலைமாடு தெற்குச் சுவர், எதிர் வரிசைக்கு வடக்குச் சுவர். எங்களுக்குக் கிடைத்தது வடக்கு வரிசை. போய் உட்கார்ந்ததுமே கவனித்தேன். அந்த வரிசையில் ஒருத்தி பாக்கியில்லாமல் தலையணையைக் கால்மாட்டுக்கு எடுத்துப் போய்த் திரும்பிப் படுத்திருந்தாள். காலையில் நர்ஸம்மா வந்து ஒவ்வொரு தலையணையாகத் தூக்கி மேலே வைப்பார். அவர் முதுகு திரும்பியதும் தலையணைகள் கீழே இறங்கிவிடும். இரண்டு தரப்புக்கும் அலுப்பே இல்லை. நானும் மாதுவைக் கால்மாட்டில்தான் படுக்கவைத்திருந்தேன்.

எதிர் வரிசையில் தர்மபுரிக்காரர் ஒருவர், பாத்திமா அக்கா, தன் மகளுக்காகத் துணைக்கு இருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு ஊரில் பூட்டு ரிப்பேர்க் கடை. தினமும் இந்தத் தலையணைச் சண்டையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பார். "நாங்க மேக்கால கால் நீட்ட மாட்டோம், நீங்க வடக்கால தலை வெக்க மாட்டீங்க. பாவம் இந்தக் கட்டிலு, எந்தப் பக்கம்தான் நிக்கும்!" என்பார். அவர் கஞ்சி காய்ச்சினால் எனக்கும் ஒரு தம்ளர் வரும். மாதுவைத் தூக்கும்போது, அவன் இடது பக்கம் திரும்பிப் பார்க்கட்டும் என்று, சொல்லாமலே இடது தோளில் மாற்றிப் போட்டுக்கொள்வார். அந்த நாட்களை நினைத்தால் முதலில் அவர் முகம்தான் வருகிறது.

ஒரு காலை டாக்டரம்மா சுற்றி வந்தார். எங்கள் வரிசை முழுக்கத் தலைமாட்டுப் பக்கம் கால்கள். "இந்த வரிசையில எனக்குக் கால்தான் குட்மார்னிங் சொல்லுது" என்று அலுத்துக்கொண்டே வந்தவர் மாதுவின் கட்டிலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். கால்மாட்டில் கிடந்த அவன் தலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்போதுதான் வந்து நின்ற எங்கள் வீட்டுக்காரரையும் பார்த்தார்.

"தொட்டிலை நீங்க மாத்திப் போடவே இல்ல. அப்படித்தானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வடக்கால தலை வருதுங்க டாக்டரம்மா" என்றேன்.

ஒரு பாட்டு விழும் என்று குனிந்துகொண்டேன். அவரோ கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். "அட கடவுளே. எந்தப் பக்கம் எந்தத் திசைன்னு நான் கேட்கவே இல்லையே! எங்க வீட்டுலயும் வடக்க தலை வெச்சுப் படுத்தா எங்கம்மா எழுப்பி உட்கார வெச்சுடுவாங்க" என்றார். வார்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். "ஆனா கழுத்துக்குத் திசை தெரியாதுங்க. வெளிச்சம் அவனுக்கு இடது பக்கம் வந்தே ஆகணும். இல்லேன்னா கத்திதான். நீங்களே சொல்லுங்க, என்ன பண்றது?"

எங்கள் வீட்டுக்காரர் தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் எங்கள் வீட்டை வரைந்தார். வாசல், தொட்டில், தொட்டிலுக்குள் தலைக்கு ஒரு புள்ளி. கோடு காயக் காய மறுபடியும் வரைந்தார். பிறகு மேற்குச் சுவரின்மேல் கருத்த விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்து அந்தக் கோட்டை உடைத்தார்.

"ஏங்க டாக்டரம்மா, புள்ளயத் திருப்பாம வெளிச்சத்தத் திருப்பினா ஆவுங்களா? இந்தச் செவுத்துல ஒரு ஜன்னல் வெச்சுட்டா?"

டாக்டரம்மா குனிந்து அந்த ஈரக் கோட்டைப் பார்த்தார். "ஆகும். வாசப் பக்கம் வெளிச்சம் வராம மறைச்சுடணும். ஆளும் பேச்சும் எல்லாம் ஜன்னல் பக்கம் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான். வாசப் பக்கம் உங்க முகமே அவனுக்குத் தெரியக் கூடாது."

அன்றைக்கே எங்கள் வீட்டுக்காரர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். மேலும் சில நாள் வார்டில் நீவியதில் விறைப்பு ஒரு துளி இளகியிருந்தது. ஒரு தவணை தருகிறேன், வீட்டில் பாருங்கள், இளகாவிட்டால் நேரே ஆபரேஷனுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பாத்திமா அக்கா மாதுவின் தலையில் கைவைத்து ஏதோ ஓதி ஊதிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டாற்போல் இருந்தது. மேற்குச் சுவரில் தொட்டில் உயரத்துக்கு ஒரு பெரிய ஓட்டை. சட்டம் இல்லை, கதவு இல்லை. குறுக்கே மூங்கில் பிளாச்சு செருகி, ஓரத்தில் பூசிய மண் இன்னும் ஈரமாக இருந்தது. வாசலில் சாக்குப் படுதா தொங்கியது. தலை தெற்கே, கால் வடக்கே, தொட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. முனியம்மா அக்கா ஜன்னலை உடைத்ததே தான்தான் என்பதுபோல் நின்றுகொண்டு, "தலை தெக்காலதான இருக்குது, எனக்கென்னா" என்றார்.

களத்தில் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கிற பெண்களை ஜன்னலுக்கு அடியில் உட்காரவைத்தவரும் அவர்தான். தடி விழுகிற சத்தமும் ஊர்க்கதையும் நாள் முழுக்க உள்ளே வந்தது. ஆளாளுக்கு எழுந்து மூங்கில் சந்தில் முகத்தை வைத்து, "ஏ மாது, மாமியாரப் பாருடா" என்று கூப்பிடுவார்கள். சாயங்கால வெயில் உள்ளே கொளுத்தும். அப்போது அக்கா ஈரத்துணியைக் கட்டிவிடுவார். நான் வாசல் பக்கம் நிற்பதை விட்டேன். வெளியே போய்விட்டு வந்தாலும் களத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலில்தான் பிள்ளைக்கு முகம் காட்டினேன். சொந்த வீட்டில் அயல்வீட்டுக்காரி மாதிரி நின்று பேசினேன். முதலில் அவன் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தான். படுதா ஆடினால் நான்தான் வருகிறேன் என்று பார்ப்பான்போல. ஓடிப்போய்ப் படுதாவைத் தள்ளிவிட்டு முகத்தைக் காட்டவேண்டும் என்று எத்தனையோ தடவை எனக்கு வந்தது. கத்தியை நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

தவணை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். தண்ணீர்க் குடத்தோடு வந்தவள் ஞாபகமில்லாமல் படுதாவை விலக்கிக்கொண்டு வாசல் வழியாகவே உள்ளே போய்விட்டேன். பழக்கதோஷத்தில், "மாது" என்று கூப்பிட்டும் விட்டேன். பிறகுதான் செய்ததை உணர்ந்து அப்படியே நின்றேன்.

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் நீவிவிடவில்லை, பிடித்துக்கொள்ளவில்லை. தானாகவே முழுக்க அந்தப் பக்கம் திரும்பி, களத்தில் யாரோ சொன்ன கதைக்குக் காலை உதறிக்கொண்டு கிடந்தான். எனக்கு அவன் முகம் தெரியவில்லை. தட்டையான வலது பின்னந்தலைதான் தெரிந்தது. வழுவழுவென்றிருந்த அந்த இடத்தில் பூனைமுடி முளைத்திருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே, "மாது" என்று கூப்பிட்டேன்.

நான் தேம்புவது கேட்டு எங்கள் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு ஓடி வந்தார். "என்னா புள்ள, என்னா ஆச்சு? புள்ளைக்கு என்னா?"

"நான் கூப்பிட்டேங்க. அவன் என்னத் திரும்பியே பாக்கலீங்க" என்றேன், குடத்தை இறக்கக்கூடத் தோன்றாமல்.